பம்ப் ஷாட்கன்னுக்கு ஸ்டாக் அடாப்டர்: முதலில் உயரம், பிறகுதான் பிராண்ட்

கேள்வி சுருக்கமாக இது: கையில் ஒரு ரெமிங்டன் 870, ஒரு மோஸ்பெர்க் 500. இரண்டும் 12 கேஜ் (குழல் துளையின் அளவு) பம்ப் ஷாட்கன், அதாவது முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுபவை. இரண்டிலும் ஏ.ஆர்.15 ரைஃபிளில் வருவது போல நீளம் கூட்டிக் குறைக்கும் ஸ்டாக் (தோளில் பதியும் பின்கட்டை) மாட்ட ஆசை. எந்த அடாப்டரை வாங்குவது, அலுமினியமா பாலிமரா, ஒரே அடாப்டரை இரண்டுக்கும் மாற்றிப் போடலாமா, உதைப்பு குறையுமா?

மாற்றிப் போட முடியாது. 870-இன் ரிசீவர் (இயங்கும் பாகங்கள் அடங்கிய உடல்) பின்முகமும் 500-இன் பின்முகமும் வேறு வேறு வடிவம், ஸ்டாக் போல்ட் ஏறும் இடமும் வேறு. உதைப்பு அடாப்டரால் குறையாது. சில சமயம் கூடும். அலுமினியமா பாலிமரா என்பது நான்காவதாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் பார்க்க வேண்டியது, அந்த அடாப்டர் ட்யூபை (ஸ்டாக் ஏறி நிற்கும் குழாயை) துப்பாக்கிக் குழலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு கீழே இறக்குகிறது என்பது. விளம்பரங்களில் இந்த அளவை எழுதும் கம்பெனிகள் குறைவு. வாங்கியவர்கள் "கன்னத்தில் அறைகிறது", "பீட் (குழல் முனையிலுள்ள குறிபார்க்கும் மணி) கண்ணுக்கே தெரியவில்லை" என்று புலம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

அடாப்டர் என்பது எளிய சாமான். முன்பக்கம் ஷாட்கன் ரிசீவரின் பின்முகத்தோடு பொருந்தும், பின்பக்கத்தில் ஏ.ஆர்.15 பஃபர் ட்யூப் திருகி ஏறும் மரை இருக்கும். அந்த மரை 1 3/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 திருகு. பல அடாப்டர்களில் கீழே பிஸ்டல் கிரிப் (கைத்துப்பாக்கியில் உள்ளது போன்ற பிடி) மாட்டும் இடமும் உண்டு. அதன் ஸ்க்ரூ வழக்கமான 1/4-28 (கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 திருகு). ஷாட்கன்னில் அந்த ட்யூபுக்குள் ஸ்பிரிங்கும் பஃபரும் தேவையே இல்லை. ஏ.ஆர்.15-இல் போல்ட் (சேம்பரை அடைக்கும் உலோகக் கட்டை) பின்னால் ஓடி வர அந்தக் குழாய் வேண்டும். பம்ப் துப்பாக்கியில் எல்லா அசைவும் ரிசீவருக்குள்ளேயே முடிந்துவிடும். இங்கே ட்யூப் வெறும் எலும்பு. அதனால்தான் மடக்கும் கீல் வைத்த ஸ்டாக்குகளும் ஷாட்கன்னில் சாத்தியமாகின்றன.

ட்யூப் வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். மில்-ஸ்பெக் (ராணுவ அளவு) ட்யூபின் வெளிவிட்டம் 1.148 அங்குலம், கமர்ஷியல் (சந்தை அளவு) ட்யூபுக்கு 1.168. ஸ்டாக் எந்த ட்யூபுக்காகச் செய்ததோ அதையே வாங்குங்கள். கமர்ஷியல் ஸ்டாக்கை மில்-ஸ்பெக் ட்யூபில் போட்டால் ஏறிவிடும், ஆனால் லொடலொடவென்று ஆடும். 12 கேஜ் உதைப்பில் அந்த ஆட்டம் நாளுக்கு நாள் கூடும். புதிதாக வாங்குபவர் மில்-ஸ்பெக் பக்கம் போவதே நல்லது. ஸ்டாக் வகைகள் அதில்தான் அதிகம்.

இனி உயரம். ஏ.ஆர்.15-இல் ட்யூப் குழலுக்கு நேர் பின்னால், ஒரே கோட்டில் இருக்கிறது. அப்படி இருக்க முடிவதற்குக் காரணம், அந்த ரைஃபிளின் சைட்டுகள் குழலின் நடுவிலிருந்து சுமார் 2.6 அங்குலம் உயரத்தில் இருப்பது. கன்னத்தை ஸ்டாக்கின் மேல்விளிம்பில் பதித்தால் கண் தானாக அந்த உயரத்துக்கு வந்துவிடுகிறது. பம்ப் ஷாட்கன்னில் முனையிலுள்ள பீட் குழலின் நடுவிலிருந்து அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கம்பெனி தரும் மரக்கட்டை அல்லது பாலிமர் ஸ்டாக் இதைக் கணக்கில் வைத்தே கீழ்நோக்கி வளைந்திருக்கும். கன்னம் பதியும் மேல்விளிம்பு முன்பக்கம் பார்வைக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.5 அங்குலம் கீழே, பின்முனையில் ஏறத்தாழ 2.5 அங்குலம் கீழே என்பது வேட்டைத் துப்பாக்கிகளில் பரவலாகக் காணும் அளவு.

இப்போது அந்த ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு, இறக்கமே இல்லாத அடாப்டரில் நேர்க்கோட்டில் ட்யூபை மாட்டினால் என்ன ஆகும்? கண் பீடுக்கு மேல் இரண்டு அங்குல உயரத்தில் நின்றுவிடும். கழுத்தை எப்படி மடக்கினாலும் கண் கீழே இறங்காது. கணக்குப் போட்டால், வெறும் பீடோடு சுடுபவருக்கு ட்யூபின் நடு, குழலின் நடுவிலிருந்து 2 அங்குலம் அளவில் கீழே இருக்க வேண்டும். முகவாகு, ஸ்டாக்கின் தடிப்பு இவற்றைப் பொறுத்து கால் அங்குலம் இப்படி அப்படி ஆகலாம். கோஸ்ட் ரிங் சைட் (வளையம் போன்ற பின் சைட் உள்ளது) வைத்திருப்பவருக்கு இறக்கம் குறைவாகப் போதும். ரிசீவர் மேல் ரெயில் பூட்டி ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி சைட், அதாவது ஆப்டிக்) வைத்தவருக்கு இன்னும் குறைவு. மேசா டாக்டிக்கல் போன்ற தயாரிப்பாளர்கள் 'ஹை ட்யூப்', 'லோ ட்யூப்' என்று இரண்டு வகை விற்பது இதற்காகத்தான்: ஆப்டிக் வைத்தவருக்கு முதலாவது, பீடோடு சுடுபவருக்கு இரண்டாவது. இரண்டும் படத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். அழகாக இருக்கிறது என்று ஏதோ ஒன்றை எடுத்துவிடுவார்கள்.

பீட் மட்டும் உள்ள ஷாட்கன்னில் பின் சைட் கிடையாது, அந்த வேலையைக் கண்ணே செய்கிறது. ஆகவே ஸ்டாக் உயரம் வசதிப் பிரச்சினையோடு நிற்காமல், குறியையும் மாற்றிவிடுகிறது. கண்ணுக்கும் பீடுக்கும் இடையே 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கண் வெறும் 1/8 அங்குலம் உயர்ந்தால் 25 கஜத்தில் குறி 3 அங்குலத்துக்கு மேல் உயரும், 40 கஜத்தில் 5 அங்குலம். குழல் குட்டையானால் கண்ணுக்கும் பீடுக்கும் தூரம் குறையும். அதே 1/8 அங்குலத்துக்கு விலகல் இன்னும் கூடும். சிதறும் ரவைக்கு இது ஓரளவு மறைந்து போகலாம். ஒற்றைக் குண்டான ஸ்லக் சுடுபவருக்கு மறையாது.

உயரம் தவறினால் இரண்டு விதமாகத் தெரியும். அதிக உயரம் என்றால் குழலின் மேல்பக்கம் முழுக்க நீண்ட சாலையாகத் தெரியும், குண்டுகள் மேலே போகும். சுடுபவர் கன்னத்தை ஸ்டாக்கில் நசுக்கிக்கொண்டு கீழே இறங்கப் பார்ப்பார். உதைப்பு வரும்போது கன்ன எலும்பில் வாங்குவார். அதிகத் தாழ்வு என்றால் ரிசீவரின் முதுகு மட்டும் தெரியும், பீடைப் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டும். கன்னம் எதிலும் படியாமல் தாடை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். உயரமாக இருப்பதைக் குறைக்க வழியில்லை. தாழ்வாக இருப்பதை ஸ்டாக் மேல் பூட்டும் கன்னத் திண்டு ஒன்றால் உயர்த்திவிடலாம். இரண்டில் ஒன்றில் சந்தேகம் என்றால் தாழ்வான அடாப்டரை வாங்குங்கள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைச் சேம்பரிலும் மேகசின் குழாயிலும் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. சுவருக்கு அப்பால் ஆளில்லாத பக்கமாகத் திரும்பி நின்று, கண்ணை மூடி, துப்பாக்கியை இயல்பாகத் தோளுக்கு ஏற்றிக் கன்னத்தைப் பதியுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். தலையை அசைக்காமல் பீட் அல்லது டாட் தெரிந்தால் உயரம் சரி. நாலைந்து முறை செய்து பார்த்தால் முகம் எங்கே போய் உட்கார விரும்புகிறது என்று தெரிந்துவிடும். அடாப்டர் வாங்குவதற்கு முன்பே, இப்போதுள்ள ஸ்டாக்கோடு இதைச் செய்து, மேல்விளிம்பு பார்வைக்கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஒரு நேரான ஸ்கேலைக் குழல்மேல் வைத்து அளந்து வையுங்கள். புதிய அமைப்பு அந்த அளவுக்கு அருகில் வர வேண்டும். பழைய ஸ்டாக் பொருந்தவில்லை என்பதால்தான் மாற்றுகிறீர்கள் என்றால், எவ்வளவு விலகி இருக்கிறது என்பதாவது கையில் இருக்கும்.

இறக்கத்தை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். சில அடாப்டர்கள் படி போல ஒரேயடியாகக் கீழே இறங்கி, அங்கிருந்து ட்யூபைக் குழலுக்கு இணையாகப் பின்னால் கொண்டுபோகும். சில அடாப்டர்கள் ட்யூபையே சாய்த்துக் கீழ்நோக்கி விடும். நான் எப்போதும் முதல் வகையைச் சொல்வேன். ட்யூப் சாய்ந்திருந்தால் ஸ்டாக்கை ஒவ்வொரு துளையாக நீட்டும்போதும் கன்னம் பதியும் இடத்தின் உயரம் மாறிக்கொண்டே போகும். ஒரு நீளத்தில் சரியாக இருந்த குறி இன்னொரு நீளத்தில் தப்பும். நீளம் மாற்றுவதற்காகவே வாங்கிய ஸ்டாக்கில் இது பெரிய குறை. மேலும், பின்னோக்கித் தாழ்ந்து போகும் மேல்விளிம்பு உதைப்பில் கன்னத்துக்குள் ஏறி வரும். இணையாக இருப்பது கன்னத்தை உரசிக்கொண்டு நேராகப் பின்னால் போகும். சாய்ந்த ட்யூபில் ஸ்டாக்கின் பின்முகக் கோணமும் மாறி, அதன் கீழ்முனை தோளில் குத்தும். சட்டை கழற்றிப் பார்த்தால் நீலம் பாரித்திருக்கும் இடம் எது என்பதே இதைச் சொல்லிவிடும்.

நேர்க்கோட்டு அமைப்புக்கு ஒரு நன்மை உண்டு, அதை மறைக்க வேண்டாம். ட்யூப் குழலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு உதைப்பு நேராகத் தோளுக்கு வரும், குழல்முனை தூக்குவது குறையும், அடுத்த சூடு வேகமாகக் கைக்கு வரும். ரெட் டாட் வைத்தவர்கள் ஹை ட்யூபை விரும்ப இதுவும் ஒரு காரணம். பீடோடு சுடுபவர் அந்த நன்மைக்காகக் குறியை விட்டுக்கொடுக்க முடியாது.

அடுத்தது நீளம். ட்ரிகரிலிருந்து பின்முகத்தின் நடு வரை உள்ள தூரத்தை லென்த் ஆஃப் புல் என்பார்கள். 870-இல் இது வழக்கமாக 14 அங்குலம், மோஸ்பெர்க் 500-இல் 13 7/8. பம்ப் துப்பாக்கிக்கு இந்த அளவு மற்ற எதையும் விட அதிகமாகப் பொருந்தி வர வேண்டும். செமி ஆட்டோவில் ஸ்டாக் ஓரளவு நீளமாக இருந்தாலும் சமாளிக்கலாம். பம்பில் முன்கை முன்பிடியை முழுதாக முன்னால் தள்ளி, முழுதாகப் பின்னால் இழுக்க வேண்டும். ஸ்டாக் நீளமானால் முன்கை கடைசி அங்குலத்தில் எட்டாமல், முன்பிடி முழுதாகப் போகாமல், அடுத்த தோட்டா பாதியில் நிற்கும். துப்பாக்கி மேல் பழி வரும். உயரம் குறைந்தவர்கள், கனத்த ஜாக்கெட் அல்லது கவச உடை போடுபவர்கள், ஒரே துப்பாக்கியைக் குடும்பத்தில் இருவர் சுடுபவர்கள் — நீளம் மாற்றும் ஸ்டாக்குக்கு நியாயமான காரணம் இவர்களிடம்தான் இருக்கிறது.

அடாப்டரே தன் பங்குக்கு ஓர் அங்குலமோ அதற்கு மேலோ சேர்க்கும். ஆகவே ஸ்டாக்கை முழுக்க உள்ளே தள்ளியபோது வரும் குறைந்தபட்ச நீளம் எவ்வளவு என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். குறைந்தபட்சமே 13 அங்குலம் என்றால், 12.5 தேவைப்படும் ஆளுக்கு அந்த ஏற்பாட்டால் பயனில்லை.

மூன்றாவது, சேஃப்டி. இங்கேதான் 870-உம் 500-உம் பிரிகின்றன. 870-இல் சேஃப்டி ட்ரிகர் கார்டின் பின்பக்கம் குறுக்கே அழுத்தும் பொத்தான். பிஸ்டல் கிரிப் போட்டாலும் ஆள்காட்டி விரல் எட்டிவிடும். மோஸ்பெர்க் 500, 590 இரண்டிலும் சேஃப்டி ரிசீவரின் முதுகில், பின்முனையில் கட்டைவிரலால் நகர்த்தும் பட்டன். சாதாரண ஸ்டாக்கில் இதைவிட வசதியான சேஃப்டி கிடையாது, இடது கைக்காரருக்கும் அப்படியே பொருந்தும். பிஸ்டல் கிரிப் மாட்டிய நிமிடமே அந்த வசதி போய்விடுகிறது. கட்டைவிரல் கிரிப்பைச் சுற்றிக் கீழே பிடித்துக்கொண்டிருக்கும். பட்டனுக்குப் போக வேண்டுமானால் பிடியைத் தளர்த்தி மேலே ஏற வேண்டும். சிலர் கட்டைவிரலைச் சுற்றாமல் ஒரே பக்கமாக வைத்துப் பழகுகிறார்கள். பழகலாம், ஆனால் 12 கேஜ் உதைப்பில் அது முழுப்பிடி ஆகாது. ஆகவே மோஸ்பெர்க் 500-க்குப் பிஸ்டல் கிரிப் அடாப்டர் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. விதிவிலக்கு, அதே கம்பெனியின் மேவரிக் 88. அதன் ஸ்டாக் இணைப்பு 500-ஐப் போன்றது, ஆனால் சேஃப்டி ட்ரிகர் கார்டில் குறுக்குப் பொத்தான். அதற்குப் பிஸ்டல் கிரிப் தாராளமாகப் போடலாம்.

ஆக்‌ஷன் ரிலீஸ் லீவரையும் (முன்பிடியின் பூட்டை விடுவிப்பது) சேர்த்துப் பாருங்கள். 870-இல் அது ட்ரிகர் கார்டுக்கு முன்னால் இடப்பக்கம். 500-இல் பின்னால் இடப்பக்கம். தடித்த தோள் வைத்த சில அடாப்டர்களும் கிரிப்புகளும் 500-இன் லீவரைப் பாதி மறைக்கும். படத்தில் இடப்பக்கம் காட்டாத விற்பனையாளரிடம் அந்தப் பக்கப் படத்தைக் கேட்டு வாங்குவது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. கிரிப்பைப் பொறுத்தவரை இன்னொன்று: பிஸ்டல் கிரிப் ட்ரிகருக்கு எவ்வளவு பின்னால் தொங்குகிறது என்று பாருங்கள். சில அடாப்டர்களில் அது ரொம்பத் தள்ளி இருக்கும். சின்னக் கைக்காரர் விரல்நுனியால் ட்ரிகரைத் தேடுவார்.

இப்போது உலோகமா பாலிமரா. பாலிமர் முழு ஸ்டாக்குகள் நன்றாகவே உழைக்கின்றன, ஏனென்றால் அவற்றில் உதைப்பு பெரிய பரப்பில் பரவுகிறது. அடாப்டரில் எல்லாச் சுமையும் ஒரு கைப்பிடி அளவு கட்டிக்குள் குவிகிறது. அதிலும் ட்யூப் மரை ஏறும் வளையத்தில். பாலிமரில் வார்த்த மரை நாளடைவில் விரியும், வெடிக்கும். அதனால் தனி அடாப்டர் என்றால் கட்டியான அலுமினியத்திலிருந்து கடைந்தது வேண்டும். மலிவான வார்ப்பு உலோகம் பார்வைக்கு அப்படியே இருக்கும்; உள்மரையைப் பார்த்தால் விளிம்புகள் மழுங்கியிருப்பது தெரியும்.

உலோகத்தை விட முக்கியமானது முகப்பொருத்தம். அடாப்டரின் முன்முகம் ரிசீவரின் பின்முகத்தை முழுதாகத் தொட வேண்டும். இரண்டு மூலைகளில் மட்டும் தொட்டால் ஒவ்வொரு சூட்டிலும் அந்த இரண்டு புள்ளிகளில் அடி விழும். ரிசீவர் பின்முகத்தில் மார்க்கர் மையைப் பூசி, அடாப்டரை மாட்டி இறுக்கி, கழற்றிப் பாருங்கள். மை எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம்தான் தொடுகிறது. 870-இன் ரிசீவர் எஃகு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மோஸ்பெர்க் 500-இன் ரிசீவர் அலுமினியம். போல்ட்டை வெறித்தனமாக இறுக்கினால் ரிசீவருக்குள் இருக்கும் மரையே உரிந்துவிடும். அது அடாப்டர் விலையை விடப் பெரிய செலவு.

உதைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 7.5 பவுண்டு எடையுள்ள 12 கேஜ் துப்பாக்கியில், விநாடிக்கு 1,200 அடி வேகத்தில் 1 1/8 அவுன்ஸ் ரவை சுட்டால் உதைப்பு ஆற்றல் சுமார் 23 அடி-பவுண்டு. 8 பவுண்டு .223 ரைஃபிளில் இது 3 முதல் 4 வரைதான். அதாவது ஏ.ஆர்.15-க்காகச் செய்த ஸ்டாக்கைக் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மடங்கு உதைக்கும் துப்பாக்கியில் மாட்டுகிறோம். ஒரு அவுன்ஸ் ஸ்லக் என்றால் இன்னும் அதிகம். பழைய மரக்கட்டையைக் கழற்றி இலகுவான ட்யூப் ஸ்டாக் போட்டு எடை 7.5-இலிருந்து 7 பவுண்டாகக் குறைந்தால், அதனாலேயே உதைப்பு ஆற்றல் 7 சதவீதம் கூடும். நோகாமல் இருப்பதைத் தீர்மானிப்பது எடை, சரியான உயரம், சரியான நீளம், தடித்த ரப்பர் பேட் — இந்த நான்கும்தான். சில கிட்களில் ஹைட்ராலிக் பஃபரோ ஸ்பிரிங்கோ வைத்து உதைப்பை நீட்டி மெதுவாக்குகிறார்கள். அது உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் அது தனிச் சாமான், அடாப்டரின் புண்ணியமல்ல. விளம்பரத்தில் வரும் சதவீதங்களை நான் கணக்கில் எடுப்பதில்லை.

இதே காரணத்தால் ஸ்டாக்கையும் பார்த்து எடுக்க வேண்டும். பூட்டும் முள் துளைக்குள் லூசாக இருக்கும் ஸ்டாக் ஒவ்வொரு சூட்டிலும் ஆடி, கன்னத்துத் தோலையும் தாடியையும் இடுக்கும். மேக்புல் சி.டி.ஆர். போல உராய்வுப் பூட்டு தனியாக வைத்த ஸ்டாக் எடுங்கள். அதே கம்பெனியின் எம்.ஓ.இ. கார்பைன் ஸ்டாக்கில் அது இல்லை. ரப்பர் பேட் எவ்வளவு தடிப்பாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

பம்ப் துப்பாக்கிக்கே உரிய இன்னொரு சோதனை உண்டு. தோட்டாக் கூடு சேம்பரில் சிக்கிக்கொண்டால், ஸ்டாக்கின் அடியைத் தரையில் ஓங்கி இறக்கிக்கொண்டே முன்பிடியைக் கீழே இழுத்து விடுவிப்பது பழைய வழக்கம். கட்டை ஸ்டாக் இதைத் தாங்கும். நீட்டிய நிலையிலுள்ள ட்யூப் ஸ்டாக்கில் அந்த அடி முழுக்க ஒரு சின்ன முள் மேல் விழும்; முள் வளையும் அல்லது ட்யூபின் துளை விரியும். ட்யூப் ஸ்டாக் போட்டவர்கள் முதலில் ஸ்டாக்கை முழுக்க உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு இதைச் செய்ய வேண்டும். எந்த நேரத்திலும் குழல் முகத்துக்கு நேராக வரக் கூடாது.

மாட்டுவது கடினமில்லை. பின்னாலுள்ள ரப்பர் பேடின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே நீண்ட துளை. அதன் அடியில் ஸ்டாக் போல்ட். நீளமான ஸ்க்ரூ டிரைவர் அல்லது சாக்கெட் நீட்டிப்பு வேண்டும். அடாப்டரை அதனுடன் வந்த போல்ட்டால் பூட்டுங்கள், பழைய நீளப் போல்ட்டை வெட்டிப் பயன்படுத்தாதீர்கள். மரையில் நீல நிற லாக்டைட் ஒரு துளி போதும். சிவப்பு போட்டால் பிறகு சூடேற்றித்தான் கழற்ற வேண்டும். ட்யூபைப் பூட்டும் காஸில் நட்டையும் எண்ட் பிளேட் என்ற தகட்டையும் முதலில் ட்யூபில் ஏற்றிவிட்டு, ட்யூபைத் திருகி, காஸில் நட்டை 40 அடி-பவுண்டு அளவில் இறுக்கி, நட்டின் வெட்டுக்குள் எண்ட் பிளேட் உலோகத்தை லேசாகத் தட்டி மடக்கிவிட்டால் தளராது. ஸ்லிங் (தோளில் மாட்டும் வார்) கொக்கிக்கு க்யூ.டி. (சட்டென்று மாட்டிக் கழற்றும்) துளை வைத்த எண்ட் பிளேட் அப்போதே வாங்கிவிடுங்கள். முதல் ஒரு பெட்டித் தோட்டா சுட்ட பிறகு எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை பாருங்கள். நட்டின் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு போட்டு வைத்தால் நகர்ந்ததா என்று ஒரே பார்வையில் தெரியும்.

சட்டத்தை வாங்கும் முன் பாருங்கள், ஏனென்றால் நீளம் மாறும் ஸ்டாக்கை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டின் தேசிய ஆயுதச் சட்டப்படி ஷாட்கன்னின் குழல் 18 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. மத்திய அரசு ஸ்டாக்கை நீட்டி அளக்கிறது. கனடாவில் மடித்தோ உள்ளே தள்ளியோ 660 மில்லிமீட்டருக்குக் குறைந்து, அந்த நிலையிலும் சுட முடிந்தால் அது கட்டுப்படுத்தப்பட்ட வகைக்குப் போய்விடும். பிரிட்டனில் பம்ப் துப்பாக்கிக்கு 24 அங்குலக் குழலும் 40 அங்குல மொத்த நீளமும் வேண்டும். மடங்கும், உள்ளே போகும், கழற்றக்கூடிய ஸ்டாக்குகளை அந்த அளவில் சேர்க்கவே மாட்டார்கள். அங்கே நிலையான ஸ்டாக்கோடு சட்டப்படி இருந்த துப்பாக்கி, இந்த மாற்றம் ஒன்றாலேயே தடை செய்யப்பட்டதாக ஆகிவிடலாம். எந்த நாட்டிலும் உரிமத்தில் எழுதியிருப்பதையும் உள்ளூர் விதியையும் உரிமம் தரும் அலுவலகத்தில் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

அமெரிக்காவில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று: மோஸ்பெர்க் 590 ஷாக்வேவ், ரெமிங்டன் டாக்-14 போன்ற, 14 அங்குலச் சுற்றுவட்டாரக் குழலும் பறவைத்தலைப் பிடியும் கொண்டவை. இவற்றின் ரிசீவரில் இதே அடாப்டர்கள் சிக்கலில்லாமல் ஏறும். ஆனால் தோளில் வைக்கும் ஸ்டாக்கைப் பூட்டினால் அது குட்டைக் குழல் ஷாட்கன் ஆகிவிடும். முன்கூட்டிப் பதிவு அனுமதி இல்லாமல் செய்தால் கடும் குற்றம். இவற்றுக்கு ஸ்டாக் அடாப்டர் வாங்காதீர்கள்.

மற்ற துப்பாக்கிகளைப் பற்றி இரண்டு வரி. 870-இலேயே 20 கேஜ் மாடல்களின் ரிசீவர் சிறியது, 12 கேஜ் அடாப்டர் சேராது. மோஸ்பெர்க்கில் 2012-இல் வந்த ஃப்ளெக்ஸ் வகைக்கு டூல் இல்லாமல் கழற்றும் தனி இணைப்பு. சாதாரண 500 அடாப்டர் அதில் நேராக ஏறாது. 870-ஐப் பார்த்துச் செய்த நகல்களில் "கிட்டத்தட்டப் பொருந்தும்" என்பார்கள். அந்த மை சோதனை இல்லாமல் நம்பாதீர்கள். பெனெல்லி நோவாவில் ரிசீவரும் ஸ்டாக்கும் ஒரே பாலிமர் வார்ப்பு, அடாப்டருக்கே இடமில்லை.

கடைசியாக, அடாப்டர் வேண்டுமா என்றே ஒருமுறை யோசியுங்கள். நீளத்தைச் சரிசெய்வது மட்டும்தான் நோக்கம் என்றால், மேக்புல் எஸ்.ஜி.ஏ. போல இடைத்தகடுகளால் நீளம் மாற்றும் முழு ஸ்டாக் இருக்கிறது: 12.5 முதல் 14.5 அங்குலம் வரை போகும், கன்ன உயரத்தைக் கூட்டும் திண்டும் தனியாகக் கிடைக்கும். ஆட்டம் இல்லை, ட்யூப் இல்லை, காஸில் நட் இல்லை. நீளம் மாற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும் என்பது மட்டுமே குறை. ஒரே ஆள் சுடும் துப்பாக்கியில் அதை வருஷத்துக்கு ஒருமுறை கூட மாற்ற மாட்டீர்கள்.

உங்கள் இரண்டு துப்பாக்கிகளுக்கும் நான் சொல்வது இது. மோஸ்பெர்க் 500-க்கு அந்த மாதிரி முழு ஸ்டாக். கட்டைவிரல் சேஃப்டி அதன் இடத்திலேயே இருக்கட்டும். 870-ஐ இருவர் சுடுகிறீர்கள் என்றாலோ, அதில் ரெட் டாட் வைக்கப் போகிறீர்கள் என்றாலோ, கடைந்த அலுமினிய அடாப்டர், மில்-ஸ்பெக் ட்யூப், உராய்வுப் பூட்டுள்ள ஸ்டாக். சைட் எது என்று முடிவு செய்யும் வரை அடாப்டருக்குப் பணம் கட்டாதீர்கள்: பீட் என்றால் லோ ட்யூப், ரெட் டாட் என்றால் ஹை ட்யூப். கழற்றிய பழைய ஸ்டாக்கையும் அதன் நீளப் போல்ட்டையும் ஒன்றாகக் கட்டிப் பத்திரப்படுத்துங்கள். துப்பாக்கியை விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.